நாற்பத்தெட்டு மணி நேரம்

ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள் தம்பி. உங்களுக்குப் புழுக்கமாக இருக்கிறதா? எனக்குக் குளிர்கிறது. நேற்று மழை பெய்ததல்லவா, அந்தக் குளிர். வேறொன்றும் இல்லை.

கட்டைப் பார்க்கிறீர்கள். பார்த்தால் பார்த்துக்கொள்ளுங்கள். தொடையில் ஒரு சீழ்க்கட்டி. திங்கட்கிழமை காலையில் கீறி எடுத்தார்கள். இன்று வியாழன். மூன்று வாரமாகக் காய்ச்சல் வந்து வந்து போகிறது என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். இன்று காலை, ‘என் சொந்தப் பொறுப்பில் போகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். மன்னார்குடி போய் இறங்கினால் வீடு. மனைவி பெங்களூரில் மகளோடு இருக்கிறாள். அவளிடம் சொல்லவில்லை.

போன் அடிக்கிறதா? அடிக்கட்டும். மனைவி இல்லை, என் பழைய மாணவி. எடுத்தால் ‘சார், சார்’ என்று ஆரம்பிப்பாள். “சார், இந்த மருந்து ஏத்தாம போனீங்கன்னா ஒரு வாரம் தாங்காது சார்.” இதை யாரிடம் சொல்கிறாள்? என்னிடம். அவளுக்கு மைக்ராஸ்கோப்பில் எந்தக் கண்ணை வைத்துப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தவனிடம்.

நான் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. நுண்ணுயிரியல். மைக்ரோபயாலஜி. உங்கள் ரத்தம், சளி, சீழ் எல்லாம் எங்களிடம்தான் வரும். என்ன கிருமி என்று நாங்கள் சொன்னால்தான் வார்டில் இருக்கிறவன் மருந்து எழுதுவான். முப்பத்தொரு வருஷம் ஒரே காலேஜ், அதில் பதினான்கு வருஷம் துறைத் தலைவர். எந்தக் காலேஜ் என்று கேட்காதீர்கள். சோறு போட்ட இடத்தின் பெயரைக் கெடுக்க மாட்டேன். கோதண்டபாணி சார் கையெழுத்து என்றால் வார்டில் மறுபேச்சு கிடையாது. இப்போது அந்த இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

பெயரைக் கேளுங்கள். செங்கொடி. அப்பா திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயச் சங்கத்துக்காரர். அம்மா நடவு நடப் போகிறவர். நான் பெயரை வைத்து ஆளை எடைபோடுகிறவன் இல்லை. மேற்படிப்புக்கு என் துறையில் சேர்ந்த அன்று, “உங்க வீட்ல உன் தம்பிக்கு அரிவாள்னு பேர் வச்சாங்களாம்மா?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. “தம்பி பேரு செல்வம் சார்” என்றாள். அன்றைக்கே தெரிந்துவிட்டது, நகைச்சுவை இல்லாத பெண் என்று.

மேற்படிப்பு என்றால் மூன்று வருஷம், முடிவில் ஒரு ஆய்வேடு. தலைப்பு நான் கொடுப்பேன். ‘மருத்துவமனை ஊழியர்களின் செல்போனில் காணப்படும் கிருமிகள்.’ அருமையான தலைப்பு. முந்தின வருஷம் ஒருத்தன் செய்தான், அதற்கு முந்தின வருஷம் இன்னொருத்தி செய்தாள். வருஷத்தை மாற்றினால் போதும். யாரும் பெயிலானதில்லை. பஞ்சால் போனைத் துடைக்க வேண்டும், வளர்க்க வேண்டும், எண்ண வேண்டும். அதைவிட ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும்?

அவளுக்கு வேண்டாமாம். “சார், நான் வயல் வேலை செய்யறவங்களோட சீழை வளர்த்துப் பார்க்கறேன். சர்க்கரை வியாதிக்காரங்க, மழைக்காலத்துல காய்ச்சலோட வர்றவங்க. எங்க ஊர்ல மழைக்காய்ச்சல்னு சொல்லுவாங்க. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பேர் போயிடுவாங்க. டிபின்னு மாத்திரை தருவாங்க, கேக்காது” என்றாள்.

“ஊர்ப் பேச்சை வச்சு தீசிஸ் எழுத முடியாதும்மா. போனைத் துடை” என்றேன்.

துடைத்தாள். நூற்றிருபது போனைத் துடைத்தாள். ஆனால் மனசெல்லாம் சீழில்.

கடலை மிட்டாய் சாப்பிடுங்கள். எடுங்கள் தம்பி. எனக்குச் சர்க்கரை கொஞ்சம்தான், முன்னூறுக்கு மேல் போவதில்லை.

எங்கள் வேலை எப்படி என்று சொன்னால்தான் அவள் செய்தது உங்களுக்கு விளங்கும். பிளேட் என்று ஒன்று. உள்ளங்கை அகலத்தில் வட்டமான மூடி போட்ட தட்டு. அதில் ஆட்டு ரத்தம் கலந்து இறுகவைத்த கூழ். சீழைத் தடவி, உடம்புச் சூட்டில் பெட்டிக்குள் வைத்தால் கிருமி புள்ளி புள்ளியாக முளைக்கும். நாற்பத்தெட்டு மணி நேரம் பார்ப்போம். அதற்குள் இன்ன கிருமி என்று தெரியாமல் நாலு புள்ளி சோகையாக நின்றால், அது காற்றிலிருந்து விழுந்த குப்பை. கன்டாமினன்ட். ‘கன்டாமினன்ட், மறுபடி மாதிரி அனுப்பவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பிளேட் வேகவைக்கிற டப்பாவுக்குப் போய்விடும். பெரிய குக்கர் மாதிரி இருக்கும். கிருமி செத்த பிறகு குப்பையில் கொட்டுவோம். நாற்பத்தெட்டு மணி நேரம் என்பது என் சட்டம் இல்லை, என் சார் எனக்குச் சொன்னது. அவருக்கு அவர் சார். பெட்டியில் இடம் வேண்டாமா?

இவள் என்ன செய்தாள்? எறியச் சொன்ன பிளேட்டை எறியாமல் பெட்டியின் அடித்தட்டில், பின்னால் ஒளித்துவைத்தாள். அந்தோணிசாமி என்று எங்கள் டெக்னீஷியன், அவனும் உடந்தை. ஒரு கார்த்திகை மாதம். எட்டு வருஷம் ஆயிற்று. வைரப்பன் என்று ஒரு ஆள் மெடிக்கல் வார்டில் கிடந்தான். நடவுக்காரன், நாற்பத்தாறு வயது, சர்க்கரை. தோளில் சீழ், நெஞ்சில் சளி. டிபி மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. அவன் சீழுக்கு நான் கன்டாமினன்ட் என்று எழுதி இரண்டு நாள் கழித்து என் அறைக்குள் வருகிறாள், கையில் அதே பிளேட்.

“சார், நாலாவது நாள் சார். பாருங்க.”

பார்த்தேன். புள்ளிகள் பெரிதாகி, வெந்நீரில் ஊறின விரல் நுனி மாதிரி சுருங்கியிருந்தன. நாலு நாள் வைத்தால் தோசைமாவும்தான் சுருங்கும். நான் என்ன செய்தேன், மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பழைய ஆட்கள் அப்படித்தான். என் மூக்கு காலேஜில் பிரசித்தம். பாதிக் கிருமியை மோந்தே சொல்வேன். ஒன்றுக்குத் திராட்சை வாசனை, ஒன்றுக்கு ஈர எலி வாசனை. இதில் மழை பெய்த மண் வாசனை வந்தது. அவ்வளவுதான்.

“மூடுங்க சார்! மோந்து பார்க்காதீங்க, மூச்சுல ஏறிடும்!” என்று கத்தினாள்.

என்னைப் பார்த்து. கதவு திறந்திருந்தது. அந்தோணிசாமி பார்க்க, மூன்று மாணவர்கள் பார்க்க, ரத்தம் கொடுக்க வந்தவன் பார்க்க. முப்பது வருஷத்தில் என்னைப் பார்த்து யாரும் கத்தியதில்லை. பிளேட்டை மூடினேன். “அந்தோணி, இதை வேகவை” என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வராது.

அதோடு விட்டாளா? நேராக வார்டுக்குப் போய் மருந்தை மாற்றச் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்த டாக்டர் எனக்குப் போன் செய்தார். “சார், உங்க ஸ்டூடண்ட் ஒரு பொண்ணு வந்து என்னமோ மண்ணுல இருக்கற கிருமின்னு சொல்லுது. நீங்க கன்டாமினன்ட்னு எழுதியிருக்கீங்க. எதை எடுத்துக்கறது?” நீங்களே சொல்லுங்கள் தம்பி, நான் என்ன சொல்ல முடியும்? “என் கையெழுத்து எதில் இருக்கோ அதை எடுத்துக்கங்க” என்றேன். நடைமுறை அதுதானே.

அந்த ஆள் போய்விட்டான். எந்த நாள் என்று ஞாபகம் இல்லை. எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் போகிறார்கள். அவன் பெண்சாதி ரிப்போர்ட் வாங்க லேப் ஜன்னலுக்கு வந்தாள். எதற்கோ ஒரு தாளுக்கு ரிப்போர்ட் வேண்டும் என்று யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அந்தோணிசாமி தாளை எடுத்துக் கொடுத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நான் அந்தப் பக்கம் வந்தவன், “மறுபடி சீழ் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கும்மா” என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்? அவள் என்னைப் பார்த்தாள். “ஆளே இல்லீங்களே ஐயா” என்றாள்.

இந்தச் செங்கொடி என்ன செய்தாள் தெரியுமா? வெள்ளைக் கோட்டோடு போய் அந்தப் பொம்பளை பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வேலை நேரம். காலை பத்தரை மணி. உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். துறைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

மறுநாள் மெமோ கொடுத்தேன். மூன்று குற்றம். எறிய வேண்டிய பொருளைப் பதுக்கியது, துறைத் தலைவரிடம் குரல் உயர்த்தியது, வார்டில் தலையிட்டது. பதில் எழுதினாள். ஒரே வரி. ‘மூன்றும் உண்மை.’ இதற்குப் பெயர் பணிவா, திமிரா? நீங்களே சொல்லுங்கள்.

இதோ மறுபடி போன். விடுங்கள் தம்பி, சட்டைப் பையில் கிடக்கட்டும். ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? கை நடுங்குவது பஸ்ஸால். இந்த ரோட்டைப் பாருங்கள்.

எங்கே விட்டேன்? ஆம், மெமோ. அதற்கப்புறம் ஒரு கடிதம் வந்தது. அந்தப் பிளேட்டை என்னிடம் காட்டுவதற்கு முன்பே கொஞ்சம் கிள்ளி ஒரு குழாயில் வளர்த்துவைத்திருக்கிறாள், கள்ளி. அதைப் பெரிய லேப் ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறாள். அனுப்பு விலாசத்தில் என் துறையைப் போட்டதால் பதில் என் மேஜைக்கு வந்தது. அவள் சொன்ன அதே கிருமி. மெலியாய்டோசிஸ் என்று நோய். சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கும், காலில் சின்ன வெட்டு இருந்தால் போதும், சர்க்கரைக்காரனை விடாது. ஒரு குறிப்பிட்ட மருந்தை இரண்டு வாரம் நரம்பில் ஏற்ற வேண்டும், பிறகு மூன்று மாதம் மாத்திரை. டிபி மாத்திரைக்கு மசியாது. எல்லாம் எழுதியிருந்தார்கள், எனக்குப் பாடம் நடத்துகிற மாதிரி. அனுமதி இல்லாமல் அனுப்பியதற்கு வந்த பதில் அதிகாரபூர்வமான பதில் ஆகாது. எனவே நான் அவளிடம் கொடுக்கவில்லை. மூன்று முறை வந்து கேட்டாள். “எதுவும் வரலையேம்மா” என்றேன். டிராயரில் போட்டேன். ஓய்வு பெற்ற அன்று மற்றக் காகிதங்களோடு அதுவும் வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கேயோ கிடக்கும். பீரோவில், இரண்டாவது தட்டில், பாஸ்போர்ட்டுக்கு அடியில்.

ஆய்வேட்டை ஆறு மாதம் நிறுத்திவைத்தேன். ஒழுக்கம் படிக்கட்டும் என்றுதான். என் சார் என்னை ஒரு வருஷம் நிறுத்திவைத்தார். நான் அழுதேன். இவள் அழவில்லை. ஆறு மாதமும் தினம் வந்து, அந்தோணிசாமிக்குப் பிளேட் ஊற்ற ஒத்தாசை செய்துகொண்டிருந்தாள். பிறகு பாஸாகி, மேற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு காலேஜுக்குப் போனாள். அங்கே ஒரு அம்மாள், ரெஜினா என்று பேராசிரியர். அவர் இவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடினாராம். சின்னப் பெண்ணிடம், “எனக்கு இது தெரியாது, நீ சொல்லிக்கொடு” என்று கேட்பாராம். தலைவர் பேசுகிற பேச்சா அது? அப்படிக் கேட்டால் நாளைக்கு யார் பயப்படுவார்கள்?

நாலு வருஷத்தில் கட்டுரை வந்துவிட்டது. வெளிநாட்டுப் பத்திரிகை. வயல் வேலைக்காரர்கள், மழைக்காய்ச்சல், அதே கதை. முதல் பெயர் அவள், கடைசிப் பெயர் அந்த ரெஜினா. நான் எங்கே? கடைசியில், நன்றி சொல்கிற பகுதியில். ‘பொறுமையாக இருக்கக் கற்றுக்கொடுத்த பேராசிரியர் கோதண்டபாணிக்கு.’ எனக்கு அடுத்து அந்தோணிசாமி. அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கமா. அந்த வரியைப் பலரும் எனக்கு அனுப்பிப் பாராட்டினார்கள். நான் பிரேம் போட்டு மாட்டவில்லை. அச்செடுத்து மட்டும் வைத்திருக்கிறேன்.

போன வருஷம் திரும்பி வந்து என் காலேஜிலேயே சேர்ந்துவிட்டாள். லேப் சுவரில் போர்டு மாட்டியிருக்கிறாள். ‘ஐந்து நாளுக்கு முன் எந்தப் பிளேட்டையும் எறியக் கூடாது. எந்தப் பிளேட்டையும் மோந்து பார்க்கக் கூடாது.’ இரண்டாவது வரி யாருக்கு என்று குழந்தைக்கும் தெரியும்.

நான் ஓய்வுக்குப் பிறகு ஒன்றரை ஏக்கர் வாங்கினேன். இந்த ஐப்பசியில் நடவு. நானே வேட்டியை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி நாற்றுக்கட்டை எடுத்துப் போட்டேன். காலில் எதுவோ கீறியது, நத்தை ஓடாக இருக்கும். போட்டோ எடுத்துக் காலேஜ் வாட்ஸ்அப்பில் போட்டேன். தொண்ணூறு பேர் வாழ்த்தினார்கள். இவள் மட்டும், ‘சார், காலில் பூட்ஸ் போடுங்கள். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது’ என்று போட்டாள். பூட்ஸ் போட்டுக்கொண்டு நடவு நடுகிறவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அடுத்த வாரம் காய்ச்சல். ஊரில் காய்ச்சல் வராதவன் யார்?

திங்கட்கிழமை சீழ் எடுத்த இரண்டாவது மணி நேரத்தில் என் கட்டிலுக்கு வந்துவிட்டாள். “சார், ஸ்லைடுல ஊக்கு மாதிரி தெரியுது. ரெண்டு முனையும் சாயம் ஏறி, நடுவுல வெறுமையா. பிளேட் வளர நாளாகும். ஆனா மருந்தை இப்பவே ஏத்த ஆரம்பிச்சிடலாம்.”

“ஊக்கா? அப்ப தையல்காரனைக் கூப்பிடு” என்றேன்.

அவளுக்குத்தான் சிரிப்பே வராதே. “சார், எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பிளேட்டை மோந்தீங்களே. அதையும் எழுதிக்கறேன்” என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறாள்! என் கேஸ் ஷீட்டில்! நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகாமல் ஒரு சொட்டு மருந்து என் நரம்பில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ரிப்போர்ட் இல்லாமல் மருந்து கேட்கிறவன் நான் இல்லை. புதன்கிழமை காலை கெடு முடிந்தது. கூப்பிட்டு அனுப்பினேன்.

“என்ன வளர்ந்திருக்கு?”

“சின்னச் சின்னப் புள்ளி சார். இன்னும் நாள் வேணும்.”

“அப்ப கன்டாமினன்ட். எழுதிக் கையெழுத்துப் போடு.”

“போட மாட்டேன் சார்.”

“நான் சொல்றேன்.”

“தெரியும் சார்” என்றாள். “அதனாலதான் போட மாட்டேன்.” கண் கலங்கியிருந்தது. மெமோ கொடுத்தபோது கலங்காத கண். நடிப்பு. சாயங்காலம் வரை கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வைரப்பன் பெண்சாதி ஞாபகம் வந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அன்று அந்தப் பொம்பளை பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாளே, அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் என்ன செத்தா போய்விட்டேன்? காலையில் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிட்டேன்.

மறுபடி அடிக்கிறது பாருங்கள். மானம் கெட்ட போன். கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்க்கிறார். சரி, நீங்கள் எடுங்கள். எனக்குக் கை சரியாக வரவில்லை. தூங்குகிறார் என்று சொல்லுங்கள்.

என்ன? என்ன சொல்கிறாள்? உங்கள் முகம் ஏன் இப்படிப் போகிறது? ‘வளர்ந்துடுச்சு’ என்கிறாளா? எதுவாவது வளரத்தான் செய்யும். சுருங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். கேளுங்கள் தம்பி. விரல் நுனி மாதிரியா?

என்ன வாசனை என்று கேளுங்கள். மோந்து பார்க்கவில்லையாமா? அப்படித்தான் சொல்வாள். மூக்கு இல்லாத தலைமுறை.

பஸ் எங்கே வருகிறது என்று கேட்கிறாளா? வண்டி அனுப்புகிறாளாமா? அனுப்பட்டும். அவளே வருகிறாளா? அழுகிறாளா என்ன? எதற்கு அழுகிறாள்? வைரப்பனுக்கு அழாதவள்.

அவன் போனது ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இரண்டு இருபது. ஞாபகம் இல்லை என்று சொன்னேன் அல்லவா? இருக்கிறது. நான் வார்டுக்குப் போன் செய்து கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

கண்டக்டர்! அடுத்த ஸ்டாப்பில் நிறுத்துங்கள். கையைக் கொடுங்கள் தம்பி. கால் மரத்துவிட்டது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் தூக்குங்கள். நான் ஒன்றும் மருந்து ஏற்றிக்கொள்ள இறங்கவில்லை. அந்தப் பிளேட்டை என் கண்ணால் பார்க்க வேண்டும். அவள் கண்ணை நம்ப முடியாது.

போனை வைத்துவிட்டாளா? வைக்க விடாதீர்கள். ஒன்று சொல்லுங்கள் அவளிடம், உரக்கச் சொல்லுங்கள், இந்தப் பஸ் சத்தத்தில் கேட்காது. நான் வந்து சேர்வதற்குள் அந்தப் பிளேட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.